அண்ணாந்து பார்க்க முடியாத கண்

சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. கீழே தெருவில் போகும் பிள்ளைகள் சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்க்கும். அதில் ஒரு பிள்ளை மட்டும் கண்ணை உயர்த்தாமல், முகவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட வரும் பெரியவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். கவனித்தாலும் கழுத்துப் பிடிப்பு என்பார்கள், அல்லது பவர் பார்க்கக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போவார்கள். கண்ணில் பழுது இல்லை, கண்ணை மேலே தூக்கச் சொல்லும் நரம்பு மையத்தின் மேல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. மண்டையின் எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் தொலைவாக இருக்கிற இடம் அது. பினியல் சுரப்பியும் அதைச் சுற்றிய பகுதியும் அங்கேதான் இருக்கின்றன.

அந்த இடத்தில் வரும் கட்டிகளை எப்படிக் கண்டுபிடிப்பது, கத்தி வைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பதில் மூன்று தடவையாவது தலைகீழாக மாறியிருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டையில் நின்றுகொண்டு அந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களுக்காகக் கூவத்தின் வளைவில் உண்டாக்கிய பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே இந்தப் பெயராகத் திரிந்தது என்பார்கள். இன்று சுற்றிலும் ஆஸ்பத்திரிகள். பறக்கும் ரயிலில் ஒரு நிலையம் போய்ப் பார்க் டவுனில் இறங்கினால் ஜி.எச். எனும் அரசுப் பொது மருத்துவமனை. அண்ணா சாலையைத் தாண்டினால், சட்டமன்றத்துக்காகக் கட்டி 2014இல் பல்நோக்கு மருத்துவமனையான ஓமந்தூரார் கட்டடம். ஆற்றைக் கடந்து எழும்பூர் பக்கம் போனால் 1819இல் தொடங்கிய கண்ணாஸ்பத்திரி. அது இருப்பது ருக்மணி லட்சுமிபதி சாலையில். அந்த அம்மையாரின் கணவர் ஆசண்ட லட்சுமிபதியின் பெயரைத்தான் அடையாறு பக்கம் வி.எச்.எஸ். மருத்துவமனையின் மூளை அறுவைப் பிரிவு தாங்கி நிற்கிறது. மனைவி பெயரில் கண்ணுக்குப் போகும் சாலை, கணவர் பெயரில் மூளைக்கு ஒரு மையம். நம் நோயாளி நடக்க வேண்டிய பாதையும் ஏறக்குறைய அதுதான்.

பினியல் சுரப்பி ஒரு பயறு அளவு இருக்கும். எடை 100 முதல் 150 மில்லிகிராம். ஊசியிலை மரத்தின் கூம்புக் காய் போல இருப்பதால் தமிழில் கூம்புச் சுரப்பி என்றும் எழுதுகிறார்கள். ஆன்மாவின் இருப்பிடம் இதுவே என்று 17ஆம் நூற்றாண்டில் டேகார்ட் எழுதினார். நம் ஊர் யூடியூப் ஆசிரியர்கள் நெற்றிக்கண் இதுதான் என்கிறார்கள். அதில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க மருந்தும் விற்கிறார்கள். சுண்ணாம்பு படிவது வயதோடு இயல்பாக வருவது, அதைக் கரைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. சொல்லப்போனால் சி.டி. ஸ்கேன் வருவதற்கு முன் மருத்துவர்களுக்கு அந்தச் சுண்ணாம்புப் பொட்டு ஒரு வரப்பிரசாதம். எக்ஸ்ரேயில் அது நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் ஏதோ தள்ளுகிறது என்று பொருள். வெள்ளைக்காரர்களின் எக்ஸ்ரேயில் தெரிகிற அளவுக்கு நம்மவர்களின் எக்ஸ்ரேயில் அந்தப் பொட்டு அடிக்கடி தெரிவதில்லை என்பதால், பாடநூலில் படித்த வித்தை இங்கே பாதி நேரம் கைகொடுக்கவில்லை.

ஆனால் மூன்றாம் கண் என்ற பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. வேலியோர ஓணானின் உச்சந்தலையில் ஒளியை உணரும் சிறு புள்ளி ஒன்று உண்டு. அதுவும் பினியலும் பங்காளிகள். நமக்கு அந்த ஒளிப்புள்ளி இல்லை. வெளிச்சச் செய்தி கண் வழியாகச் சுற்றிக்கொண்டு பினியலுக்கு வர, அது இரவில் மெலடோனின் சுரக்கிறது. மெலடோனினை ஆரன் லெர்னர் 1958இல் பிரித்தெடுத்தார். பங்காளி உறவு நோயிலும் தொடர்கிறது. இரு கண்ணிலும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்று வந்த குழந்தைகளில் மிகச் சிலருக்குப் பினியலிலும் அதே சாயலில் ஒரு கட்டி முளைக்கும். ஆர்.பி.1 என்ற மரபணுவில் பிறவியிலேயே கோளாறு உள்ள குழந்தைகள் இவர்கள். அதனால்தான் குழந்தையின் கண்ணில் புற்று என்றதும் மூளையையும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். கண்ணுக்கு எதற்கு மூளை ஸ்கேன் என்று செலவை எண்ணித் தயங்கும் பெற்றோருக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

இனி விஷயத்தின் முடிச்சுக்கு வருவோம். பெரியவர்களின் மூளைக் கட்டிகளில் பினியல் பகுதிக் கட்டி நூற்றில் ஒன்றுகூட இருக்காது. குழந்தைகளில் அது 3 முதல் 8 சதவீதம் வரை போகும். எண்ணிக்கை சிறிது, வகை ஏராளம். கரு வளரும் காலத்தில் வழிதவறித் தங்கிவிட்ட இனச்செல்களிலிருந்து பிறக்கும் ஜெர்மினோமா, டெரடோமா, இன்னும் மூர்க்கமான உறவுகள். சுரப்பியின் சொந்தச் செல்லிலிருந்து வரும் சாதுவான பினியோசைட்டோமா, அதன் நேர்மாறான பினியோபிளாஸ்டோமா, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பக்கத்துத் திசுவிலிருந்து வரும் கிளையோமா, மெனிஞ்சியோமா. வேறு உறுப்பின் புற்று பரவி வந்தது. புற்றே அல்லாத நீர்க்கட்டி. 2003இல்தான் தனியாக இனங்கண்ட வகைகூட ஒன்று உண்டு. ஸ்கேனில் பல வேளைகளில் எல்லாம் ஒரே ஜாடை. சிகிச்சையோ ஒன்றுக்கொன்று எதிர். ஜெர்மினோமாவைக் கத்தியால் முழுதாக எடுக்க வேண்டியதே இல்லை, கதிர்வீச்சுக்கு வெயில் பட்ட பனிபோலக் கரையும். முதிர்ந்த டெரடோமாவுக்குக் கதிர்வீச்சால் பயனில்லை, கத்திதான். பினியோசைட்டோமாவை முழுதாக எடுத்துவிட்டால் அநேகமாகக் கதை முடிந்தது. பினியோபிளாஸ்டோமாவுக்கு முடிந்தவரை எடுத்த பிறகும் மூளை, முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சும் மருந்தும் தேவை. ஆகவே பெயர் தெரியாமல் வைத்தியம் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதுதான்.

நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் இரண்டு. முதலாவது தண்ணீர். மூளைக்குள் ஊறும் நீர் கீழே இறங்க, பினியலுக்கு அடியில் ஒரு குறுகிய கால்வாய் உண்டு. கட்டி அதை அமுக்கியதும் மேலே நீர் தேங்கும். வீட்டில் சொல்லும் வார்த்தையில், மண்டையில் தண்ணி கட்டிவிடுகிறது. விடியற்காலைத் தலைவலி, குமட்டல் இல்லாமலே பீய்ச்சும் வாந்தி, தள்ளாட்டம், படிப்பில் மந்தம். வாந்தியைப் பார்த்து அல்சர் என்றும் பித்தம் என்றும் வாரக்கணக்கில் மாத்திரை கொடுப்பது நாம் எல்லோரும் பார்த்திருப்பதுதான். இரண்டாவது கண். 1883இல் பாரிஸ் கண் மருத்துவர் ஆன்றி பாரினோ விவரித்த கூட்டறிகுறி: பார்வை மேலே ஏறாது, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது, ஆனால் கிட்டப் பார்க்கச் சொன்னால் சுருங்கும், இமை மேலேறி விழித்த பார்வையாக நிற்கும். நடுமூளையின் முதுகில் இருக்கும் மையம் நசுங்குவதால் வரும் கோளாறு இது. அபூர்வமாக மூன்றாவதாக ஒன்று: எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கும் கட்டியால் ஆறேழு வயதுப் பையனுக்கு மீசை அரும்பும், குரல் உடையும். பையன் சீக்கிரம் வளர்கிறான் என்று மகிழ்கிற வீடும் உண்டு.

கத்தியின் கதை பயத்தில் தொடங்குகிறது. 1910இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி முயன்றார், பலன் இல்லை. 1913இல் பெர்லினில் ஃபெடோர் கிரவுஸ பத்து வயதுப் பையன் ஒருவனைப் பின்மண்டை வழியாக, சிறுமூளைக்கு மேலும் அதன் கூரைச் சவ்வுக்குக் கீழும் உள்ள இடுக்கில் நுழைந்து அறுவை செய்தார், பையன் பிழைத்தான். 1921இல் வால்டர் டேண்டி மூளையின் இரு பாதிகளுக்கு நடுவே, அவற்றை இணைக்கும் பாலத்தைப் பிளந்து போகும் வழியைச் சொன்னார். 1931இல் வான் வேகெனன் மூளையறை வழியாகப் போனார். வழிகள் பெருகின, நோயாளிகள் பிழைக்கவில்லை. பாதிக்கு மேல் இறந்தார்கள். மூளை அறுவையின் பிதாமகரான ஹார்வி குஷிங்கே, அகற்றத் துணியும் அளவுக்குப் பினியல் கட்டியைத் தெளிவாகத் திறந்து பார்க்கத் தன்னால் ஒருபோதும் முடிந்ததில்லை என்று 1932இல் ஒப்புக்கொண்டார். அவர் அளவுக்குப் பெயர் எடுத்தவர்கள் இப்படி எழுதிவைப்பது அரிது.

பயத்துக்குக் காரணம் நரம்புகளைவிட நாளங்கள்தான். மூளையின் ஆழத்திலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரைகள் எல்லாம், கேலன் சிரை உட்பட, பினியலின் மேல் போர்வைபோலப் படிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று கிழிந்தால் நோயாளி மேசையிலேயே போகலாம், அல்லது விழிக்காமலே இருக்கலாம்.

அதனால் கத்தியை வைத்துவிட்டார்கள். 1939இல் ஆஸ்லோவின் ஆர்னே டோர்கில்ட்சன் தேங்கிய நீரை ஒரு குழாய் போட்டுப் பின்மண்டைக்குத் திருப்பும் முறையைக் கொண்டுவந்தார். நீரை வடித்துவிட்டு, கட்டி இன்னதென்று பாராமலே கதிர்வீச்சு கொடுப்பது பல பத்தாண்டுகளுக்கு வழக்கமாயிற்று. ஜப்பானில் அதையே சோதனையாகவும் ஆக்கினார்கள்: 20 கிரே கொடு, சுருங்கினால் ஜெர்மினோமா. அங்கே இது பெருமளவு பலித்தது. கிழக்காசியாவில் இனச்செல் கட்டிகள் அதிகம், எனவே குருட்டாம்போக்கில் எறிந்தாலும் மாங்காய் விழும் வாய்ப்பு கூடுதல்.

நம் ஊரில்? வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், நியூகாசிலில் பயின்று திரும்பிய பா. ராமமூர்த்தி 1950இல் ஜி.எச்.சிலும் மூளை அறுவையைத் தொடங்கினார்கள். அன்றைய இந்திய மருத்துவமனைகளில் மூளைக்குள் கண்ட திரட்சிகளில் ஐந்தில் ஒன்று காசநோய்க் கட்டியாக இருந்தது. இலண்டன் பாடநூலில் ஓரிரு வரியில் முடிந்த டியூபர்குலோமா சென்னையில் அன்றாட நோய். பினியல் பகுதியும் அதற்கு விலக்கல்ல. காசநோய்க் கட்டிக்குத் தேவை சேத்துப்பட்டு ஆராய்ச்சி மையம் 1956 முதல் அளவெடுத்துச் சொன்ன மாத்திரைகள். அதற்குக் கதிர்வீச்சு கொடுத்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுத்ததுதான் மிச்சம். மூளையில் நாடாப்புழுக் கூடுகளும் நமக்குப் புதிதல்ல. போதாததற்கு, இந்திய மருத்துவமனைகளின் பட்டியல்களில் ஜெர்மினோமாவின் பங்கு ஜப்பான் அளவுக்கு இல்லை. ஆகையால் சோதனைக் கதிர்வீச்சு நம் மண்ணுக்குப் பொருந்தாத பயிர் என்பது என் கருத்து. பெயர் தெரிந்த பிறகே மருந்து என்ற விதி வேறெங்கையும்விட இங்கே கறாராக வேண்டும்.

1971இல் பென்னட் ஸ்டைன் அறுவை நுண்ணோக்கியோடு கிரவுஸ போன பழைய வழிக்கே திரும்பினார். அதுவரை நிழலாகத் தெரிந்த சிரைகள் இப்போது பெரிதாகவும் வெளிச்சத்திலும் தெரிந்தன. அதற்குச் சற்று முன் 1966இல் பாஸ்டனின் ஜேம்ஸ் பாப்பன் பின்மண்டை மடலை ஒதுக்கிக் கூரைச் சவ்வைக் கீறி இறங்கும் வழியைச் சொல்லியிருந்தார். ஆஸ்திரேலியாவின் கென்னத் ஜேமிசன் 1971இல் அதைச் செம்மைப்படுத்தினார். இன்றும் பெரும்பாலான அறுவைகள் இவ்விரண்டில் ஒன்றுதான். ஸ்டைனும் ஜெஃப்ரி புரூஸும் 1995இல் வெளியிட்ட 160 நோயாளிகளின் கணக்கில் இறப்பு 4 சதவீதம். குஷிங் இருந்து பார்த்திருக்கலாம்.

எந்த வழி என்பதைக் கட்டி சிரைகளை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. கட்டி சிரைகளுக்கு அடியில் நடுவாக இருந்தால் கிரவுஸ வழி நேரானது: சிறுமூளை தானே கீழே சரிய, மேலே உள்ள சிரைகளைத் தொடாமல் கட்டியைச் சந்திக்கலாம். சிறுமூளை சரிய வேண்டும் என்பதற்காக நோயாளியை உட்கார வைத்து அறுவை செய்வது வழக்கம். அதில் ஒரு வில்லங்கம். இதயத்துக்கு மேலே திறந்த சிரை காற்றை உறிஞ்சும். காற்றுக்குமிழ் இதயத்தை அடைந்தால் ஆபத்து. மயக்க மருத்துவர் மார்பில் டாப்ளர் வைத்துக் காற்றின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருப்பார். சில அணிகள் இதற்காகவே குப்புறப் படுக்கவைத்துச் செய்கின்றன. கட்டி மேலேயும் பக்கவாட்டிலும் பரவியிருந்தால் பாப்பன் வழி தோது, ஆனால் பார்வைப் புறணியை அழுத்துவதால் ஒருபக்கப் பார்வை போகும் வாய்ப்பு உண்டு. எந்த வழியானாலும் அறுவைக்குப் பின் மேல்பார்வை சில மாதங்களுக்கு மோசமாகிப் பிறகு பெரும்பாலும் தெளியும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் வீட்டார் சண்டைக்குப் போவதில் வியப்பில்லை.

இப்போதைய வரிசையில் இந்தப் பெரிய அறுவை கடைசியில் வருகிறது. சில வகைகளுக்கு வருவதே இல்லை. இந்த நூறாண்டுக் கதையில் நாம் கற்றது முக்கியமாக இந்த வரிசையைத்தான்.

முதலில் தண்ணீர். மூக்குக்குப் பின்னால் மேலே, மூன்றாம் மூளையறையின் தரையில் எண்டோஸ்கோப்பால் ஒரு சிறு துளை போட்டால் தேங்கிய நீர் அடைபட்ட கால்வாயைச் சுற்றிப் போய்விடும். குழாய் வேண்டாம், அது அடைத்துக்கொள்ளுமோ சீழ் பிடிக்குமோ என்ற கவலையும் வேண்டாம். அதே கருவியைப் பின்னுக்குத் திருப்பிக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துக்கொள்ளலாம், நீரையும் சோதனைக்குப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே துளையில் மூன்று வேலை. எண்டோஸ்கோப் இல்லாத ஊரிலோ நள்ளிரவு அவசரத்திலோ மண்டையிலிருந்து வயிற்றுக்கு ஷன்ட் குழாய் வைப்பதும் தவறில்லை, உயிர் முக்கியம். உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட் விலையில் வெளிநாட்டுக் குழாய்களின் அருகில்கூட வராது. உகாண்டாவில் குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது பலனில் அது பின்தங்கவும் இல்லை. தண்ணீர் அழுத்தம் இறங்குமுன் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது மட்டும் கூடாது. மூளை கீழே இறங்கி உயிருக்கே உலை வைத்துவிடும்.

இரண்டாவது இரத்தம். ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்று இரண்டு பரிசோதனைகள். பெண்கள் மருத்துவத்திலும் கல்லீரல் நோயிலும் அன்றாடம் எழுதுகிறவைதான், விலை எம்.ஆர்.ஐ.யில் ஒரு துளி. ஐரோப்பிய வரையறையில் ஏ.எஃப்.பி. 25 நானோகிராமுக்கு மேலோ எச்.சி.ஜி. 50 அலகுக்கு மேலோ இரத்தத்திலோ மூளைநீரிலோ இருந்தால், துணுக்கு எடுக்காமலே மூர்க்கமான இனச்செல் கட்டி என்று முடிவு கட்டி மருந்தைத் தொடங்கலாம். அமெரிக்கர்கள் ஏ.எஃப்.பி. 10ஐத் தாண்டினாலே போதும் என்கிறார்கள். ஒரு குழாய் இரத்தம் ஒரு மண்டை அறுவையைத் தவிர்க்கிறது. எந்தக் கட்டியாக இருந்தாலும் இந்த இரண்டையும் பார்க்காமல் கத்தி எடுப்பது இன்று மன்னிக்க முடியாத அவசரம்.

மூன்றாவது, மருந்தூசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ., மூளைக்கு மட்டுமல்ல, முதுகுத்தண்டு முழுவதற்கும். ஜெர்மினோமாவும் பினியோபிளாஸ்டோமாவும் மூளைநீர் வழியே விதை தூவும். சி.டி.யில் ஒரு நுணுக்கம் உண்டு: சுண்ணாம்புப் பொட்டு கட்டிக்கு நடுவே விழுங்கப்பட்டுக் கிடந்தால் இனச்செல் கட்டி, சிதறி ஓரங்களுக்கு ஒதுங்கியிருந்தால் சுரப்பியின் சொந்தக் கட்டி. இது ஊகத்துக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. தீர்ப்பு நோயியல் வல்லுநரிடம்தான், அதிலும் பொடித் துணுக்கில் கலப்புக் கட்டியின் ஒரு முகம் மட்டும் தெரிந்து ஏமாற்றுவது உண்டு. மண்டையில் சட்டகம் பூட்டி ஊசியால் துணுக்கெடுப்பது இன்னொரு வழி. அந்த ஸ்டீரியோடாக்டிக் கலை சென்னைக்குப் பழக்கமானது. ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் மூவரும் இங்கே அதில் பெரும் அனுபவம் சேர்த்தவர்கள், அவர்கள் காலத்து இலக்கு பார்க்கின்சன் முதலான வேறு நோய்கள் என்றாலும்.

பெயர் தெரிந்துவிட்டால் மீதி அவ்வளவு இருட்டில்லை. ஜெர்மினோமா வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள், பலர் முழு ஆயுளும். அதனால் கேள்வியே மாறிவிட்டது: எவ்வளவு குறைவாகக் கதிர்வீச்சு கொடுத்து இதே பலனைப் பெறலாம்? மூளையறைகளுக்கு மட்டும் 24 கிரே அளவில், முன்னால் கொஞ்சம் மருந்து என்று சுருக்கிக்கொண்டு வருகிறார்கள். பிழைத்த பிள்ளை வளர வேண்டும், படிக்க வேண்டும், வயதுக்கு வர வேண்டும் அல்லவா. மூர்க்கமான இனச்செல் கட்டிகளில் மருந்து, கதிர்வீச்சு, மிச்சமிருந்தால் அறுவை என்று சேர்த்துச் செய்வதில் பரவாத நோய்க்கு ஐந்தாண்டுக் கணக்கு 70 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. பினியோபிளாஸ்டோமா, அதிலும் மூன்று வயதுக்குக் கீழ், இன்னும் கொடியது. அங்கே பெருமை பேச ஒன்றுமில்லை.

கதிர்வீச்சில் சென்னைக்கு நீண்ட வரலாறு. ஜி.எச். வளாகத்தின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957இல் கனடாவிலிருந்து கோபால்ட் கருவி வந்தது. 2019இல் தரமணியில் புரோட்டான் மையம் திறந்தது. புரோட்டான் கதிர் இலக்கோடு நின்றுவிடும், பின்னால் உள்ள திசுவைச் சுடாது என்பதால் முதுகுத்தண்டு முழுவதும் கதிர் வாங்க வேண்டிய குழந்தைக்கு அர்த்தமுள்ளது. தனியார் மையம், செலவு லட்சங்களில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் உச்சம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று அரசுதான் யோசிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏதோ ஒற்றைத் தலைவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் பினியல் நீர்க்கட்டி என்று அறிக்கை வந்தால் பதற வேண்டாம். எடுக்கிற ஸ்கேன்களில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை இது தற்செயலாகத் தெரியும். தண்ணீர் தேங்காமல், கண் அசைவு கெடாமல் இருந்தால் அதைக் கத்தியால் தொடச் சொல்லும் எவரிடமிருந்தும் ஸ்கேன் அறிக்கையை வாங்கிக்கொண்டு இரண்டாவது கருத்து கேளுங்கள்.

மற்றபடி, சிந்தாதிரிப்பேட்டைப் பிள்ளை இழக்கும் காலம் அறுவை அரங்கில் இல்லை. அங்கே போய்ச் சேரும் வரை கண்ணாடிக் கடை, வயிற்று மருந்து, சுளுக்கு எடுப்பவர் என்று சுற்றுவதில்தான் இருக்கிறது. கண்ணாஸ்பத்திரியில் விழித்திரையைப் பார்க்கும் ஒருவர் பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பதைக் கண்டு அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பிள்ளை காலையில் தலைவலியோடு எழுந்து வாந்தியும் எடுத்தால், அதன் தலையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகை விரலை முகத்துக்கு நேரே வைத்து மெல்ல மேலே உயர்த்துங்கள். கண் விரலோடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், நேரே ஜி.எச்.சுக்குப் போங்கள்.